உக்காத பூ

மன்னார்
12.07.2003

அன்புள்ள லூசியா அண்ணி,

நேற்றுப் பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு கழுதை செத்துக் கிடந்தது. உங்களுக்கு இதையா முதலில் எழுதுவது என்று யோசித்தேன். வேறு எதை எழுதினாலும் இதை மறைப்பதுபோல் இருக்கும்.

வயிறு ஊதியிருந்தது. புதைக்க வந்த தொழிலாளி மண்வெட்டியால் தட்டிப் பார்த்தான். தோல் கிழிந்தது. உள்ளே சொப்பிங் பைகள். பையின்மேல் பை. பிள்ளைகள் சோறு கட்டிவரும் பொலித்தீன் தாள்கள், மீன்குழம்பு மணத்துக்காக அது தின்றவை, மடித்து அடுக்கியதுபோல் இருந்தன. ஒரு பையில் எழுத்து அழியவேயில்லை. பசார்க் கடையின் பெயரை வாசிக்க முடிந்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. கழுதையைவிட எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. நான் மட்டும் கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தேன்.

பாதை திறந்தபிறகு எல்லாம் வருகிறது. லொறி லொறியாக பிஸ்கட், சோடா, யோகட். சண்டை நின்றுவிட்டது என்று வானொலி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கரைக்குப் போனால் போதும். அலை ஒவ்வொன்றும் ஒரு போத்தலைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. தீவிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கிடையில் போட்டி. ‘கழிவற்ற பாடசாலை.’ மண்ணில் உக்காத பொலித்தீன், பிளாஸ்ரிக் குப்பையைச் சேர்த்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு விருது. லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோய் உருக்கி வாளியும் கதிரையும் செய்வார்களாம். அதிபர் அருளப்பு பொறுப்பை என் தலையில் கட்டினார். “நீர்தான் கம்பஸிலை படிச்சனீர். உமக்குத்தான் இது விளங்கும்” என்றார். மெச்சினாரா, நக்கலா, தெரியவில்லை.

நான் மறுக்கவில்லை. அந்தக் கழுதையின் வயிறு கண்ணுக்குள் நிற்கிறது. கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன். உக்காதது எல்லாம் குப்பை. கிறேஸ் என்று ஒரு பிள்ளை, வகுப்புத் தலைவி, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிச் சுற்றிக் கட்டம் போட்டாள். வேதாகம வசனத்துக்குப் போடுவதுபோல.

அம்மா கேட்கச் சொன்னா. எப்போது வருகிறீர்கள்? அயலில் இருந்த பேதுரு அண்ணன் வீட்டார் உங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து கூரையும் போட்டுவிட்டார்கள். கைக்குழந்தையாய்ப் போன பெற்றிக்கு என் முகம் ஞாபகம் இருக்காது.

கொன்சி

*

மண்டபம் முகாம்
03.08.2003

சேசு மரி சூசை

கொன்சிக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

உன் கடிதத்தைப் பிரித்ததும் செத்த கழுதை. பெற்றி மடியிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள், பாதியில் நிறுத்த வேண்டியதாய்ப் போய்விட்டது. குப்பையைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய், அம்மாவுக்கு ஒரு வரி. கம்பஸில் இப்படித்தான் படிப்பிக்கிறார்கள் போல.

அருவருப்பு என்று எழுதியிருக்கிறாய். இங்கே எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கழிப்பறை ஒன்று, அதற்குக் கதவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது, மழை பெய்தால் உள்ளே கிடப்பது வாசலுக்கு வரும். வந்த புதிதில் நானும் சத்தி எடுத்தேன். பிறகு அது தானாகவே நின்றுவிட்டது, சமைக்க வேண்டும், பிள்ளைக்குச் சோறு தீத்த வேண்டும், எத்தனை நாளைக்கு எடுப்பது. மூக்கைப் பொத்தாத பிள்ளைகளைப் பார்த்து அருவருத்தாயே. அதுகள் என்னைப்போல.

சரி, கோபிக்காதே. கூடப்பிறந்தவள் இருந்தால் அவளிடமும் இப்படித்தான் எழுதுவேன்.

திரும்பிவரப் பேர் கொடுத்துவிட்டேன். முகாம் கந்தோரில் எழுதிக்கொண்டார்கள். கப்பல் இல்லை, விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி அங்கிருந்து பஸ்ஸாம். கண்ணுக்கு முன்னால் தெரிகிற கரைக்கு இப்படி ஒரு சுற்று. ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் வந்துவிடலாம் என்று சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. பேதுரு அண்ணன் கையில் கொடுத்துவிட்டேனே ஒரு மலர்வளையம், அது உன் அண்ணாவின் சிலுவையில்தானே இருக்கிறது? ராமேஸ்வரத்தில் பச்சைப் பூவில் கட்டினதும் இருந்தது. நான் வேண்டுமென்றுதான் பிளாஸ்டிக் எடுத்தேன். கடல் தாண்ட வேண்டும், பேதுரு அண்ணன் எந்தக் கிழமை கரை சேருவாரோ தெரியாது. கடைக்காரன் சொன்னான், “இது உங்க காலத்துக்கும் கெடக்கும்மா, வெயிலுக்கும் வாடாது, மழைக்கும் வாடாது.” ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ. குறுக்கே ரிப்பன் கட்டி அதில் சந்தியோகு என்று எழுதுவித்தேன்.

அந்தச் சிலுவைக்குக் கீழே அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னையும் பிள்ளையையும் இந்தப் பக்க மணல்தீடையில் இறக்கிவிட்டு, உன்னையும் அம்மாவையும் ஏற்றிவர அவர் திரும்பின வள்ளம் எந்தக் கரைக்கும் வரவில்லை. ஆனாலும் நீங்கள் சேமக்காலையில், ஊர்க் கல்லறைகளுக்கு நடுவில், ஒரு சிலுவை நட்டீர்கள். நல்லது. அதை நான் கண்டதில்லை. நினைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் வளையத்தைத்தான் நினைப்பேன், அதைத்தானே கையில் பிடித்திருக்கிறேன்.

ஒருநாள் போய்த் தூசு தட்டிவிடு. உனக்குப் புண்ணியமாய்ப் போகும்.

லூசியா

*

மன்னார்
02.09.2003

அன்புள்ள அண்ணி,

நீங்கள் எழுதியது சரி. அருவருப்பதற்கும் வசதி வேண்டும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நிற்கவில்லை. கூடிவிட்டது.

சம்மாட்டியாரின் வாடியிலிருந்து மீன் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து பள்ளிக்கூட விறாந்தையில் தொங்கவிட்டோம். கழுவியும் செதில் போகவில்லை. காலையில் செபம், பிறகு நிறுவை. ஒவ்வொரு வகுப்பின் நிறையையும் அதிபர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். தேர்தல் முடிவு வாசிப்பதுபோல. பிள்ளைகள் கூக்குரலிடுவார்கள்.

முதல் கிழமை வளவு சுத்தமானது. இரண்டாம் கிழமை ஒழுங்கைகள். அதற்குப் பிறகு ஊரில் பொறுக்க ஒன்றும் இல்லை. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் வாசலில் ஒரு பிள்ளை சோடாப் போத்தலைத் திறந்து மணலில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

“ஏன் ஊத்துறாய்?”

“போத்தல்தானே வேணும் ரீச்சர்.”

“சோடா?”

“அது உக்கும்தானே.”

மற்றவர்கள் போத்தலுக்குள் ஈரமணலை அடைத்து மூடிகளை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். தாய்மார் நல்ல எண்ணெயை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வெறும் போத்தலைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு தகப்பன் பாவனையிலிருந்த வலையின் மிதவைகளையே அறுத்துக் கொடுத்தாராம், மகளின் வகுப்பு தோற்கக் கூடாதென்று. குப்பையைக் குறைக்க வெளிக்கிட்டோம். ஊர் குப்பை செய்யத் தொடங்கிவிட்டது. அதிபரிடம் சொன்னேன். “நிறை வருதெல்லே, விடும்” என்றார்.

நானும் விட்டேன். முதலாமிடம் எனக்கும் வேண்டியிருந்தது. இதை யாருக்காவது எழுத வேண்டும், உங்களுக்கு எழுதுகிறேன்.

கடைசி நாள் எட்டாம் வகுப்பு பின்தங்கி நின்றது. லொறி வந்து நின்ற பிறகு கிறேஸும் அவளுடைய கூட்டமும் உரப்பைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெரிய மூட்டைகள். வாய் கட்டியிருந்தது. மெழுகு மணத்தது.

“எங்கையடி இவ்வளவும்?”

“ஒருத்தரும் பாக்காமல் கிடந்தது ரீச்சர். எல்லாம் உக்காதது. நான் ஒண்டொண்டாப் பாத்துத்தான் போட்டனான்.”

கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். அதிபர் “கெதியா, கெதியா” என்றார். தராசின் முள் சுற்றிப் போய் நின்றது. கூக்குரல்.

வென்றுவிட்டோம். விருது ஒரு பிளாஸ்ரிக் பலகை. பொன்னிறப் பூச்சு. கந்தோர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சுற்றியிருந்த பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டாம் என்றார் அதிபர். தூசு பிடிக்குமாம்.

உங்கள் வளையத்தைப் பார்க்க இன்னும் சேமக்காலைப் பக்கம் போகவில்லை. போட்டி, போட்டி என்று நாட்கள் போய்விட்டன. இந்த ஞாயிறு பூசை முடிந்து போகிறேன். அம்மா பெற்றிக்குச் சட்டை தைக்கிறா. அளவு தெரியாமல் பெரிதாகவே வெட்டுகிறா.

கொன்சி

*

மண்டபம் முகாம்
19.09.2003

கொன்சி,

அம்மா தொலைபேசி எடுத்தா. முகாம் வாசல் கடைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடினேன். அம்மா அழுகிறா, சொல் வரவில்லை, பின்னால் நின்றவர்கள் கெதியாக முடிக்கச் சொல்கிறார்கள். கடைசியில் விளங்கியது.

எவ்வளவு நிறை வந்தது? அதை எழுது. மீன் நிறுக்கும் தராசில் என் புருசனுடைய பூ எவ்வளவு வந்தது?

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குற்றமில்லை. சொல்லிக்கொடுத்தது நீ. உக்காதது எல்லாம் குப்பை. நான் அதை வாசித்தேன், உன்னுடைய முதல் கடிதத்திலேயே இருந்தது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. உக்கினால் நல்லது என்றால் அவர் உக்கிவிட்டார். எங்கேயென்று கடலுக்குத்தான் தெரியும். உக்காதது ஒன்று இருக்கட்டும் என்றுதானே அதை வாங்கினேன்.

அவர் உனக்காகத்தான் திரும்பினார். சோதனை எழுதவேண்டும் என்று நீதான் முதல் வள்ளத்தில் வரமாட்டேன் என்றாய். இத்தனை வருசமும் இதை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

பேரை வெட்டச் சொல்லிவிட்டேன். நாங்கள் வரவில்லை. சட்டையை யாருக்காவது கொடுங்கள்.

லூசியா

*

மன்னார்
05.10.2003

அண்ணி,

நடந்ததை எழுதுகிறேன். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டேன். எழுதினால் எனக்கே அருவருக்கும்.

நான் போக நினைத்த அந்த ஞாயிறு. எனக்கு முன்னால் பெண்கள் சேமக்காலைக்குப் போய்விட்டார்கள். ஒரு சிலுவையிலும் ஒன்றுமில்லை. கல்லறைகளின்மேல் வளையம் கிடந்த இடத்தில் வட்டம் வட்டமாக வெளிறிய அடையாளம். திங்கள் காலை பள்ளிக்கூட வாசலில் ஊர் நின்றது. முன்னால் மார்த்தா அக்கா. மகனைச் சண்டையில் இழந்தவ.

“ஆரடி அந்த ரீச்சர்? வெளியிலை வாடி! செத்தவன்ரை நெஞ்சிலை கிடந்ததைக் கழட்டித் தராசிலை போட்டு நிறுத்தனீங்களோ?”

அதிபர் கையை உயர்த்தினார். “அமைதியாயிருங்கோ. பிள்ளையள் அறியாமச் செய்திட்டுதுகள்.”

“அருளப்பு மாஸ்ரர், உங்கடை கொப்பற்றை கல்லறையும் மொட்டையாத்தான் கிடக்கு. முதலிலை அதைப் போய்ப் பாருங்கோ.”

யாரோ சிரித்தார்கள். அதிபரின் முகம் போன போக்கு. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதுகிறேன்.

கிறேஸ் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை.

“அறியாம இல்லை, சேர். ரீச்சர் எழுதினவா. ரீச்சர், அதுகள் உக்காதுதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஓம்” என்றேன்.

“அப்ப?”

அவளுக்குச் சொல்ல நாலு வருடப் படிப்பில் ஒரு சொல் இல்லை.

“எடியே, உன்ரை ரீச்சற்றை தமையன்ரையும் சேத்தெல்லோ கழட்டிப்போட்டாய்” என்றா மார்த்தா அக்கா.

கிறேஸுக்கு அது தெரியாது. மெதுவாகச் சொன்னாள். “எல்லாத்திலையும் ரிப்பனைப் புறம்பாக் கழட்டி அங்கையே போட்டிட்டு வந்தனாங்கள் ரீச்சர். ரிப்பன் துணிதானே. துணி உக்கும்.”

அது துணியில்லை, நைலோன் என்று திருத்த வாயெடுத்தேன். அண்ணி, அந்த இடத்தில். ஊர் முழுவதும் சுற்றி நிற்க, அண்ணாவின் பெயர் எழுதிய ரிப்பனைக் கழற்றிப் போட்டேன் என்று ஒரு பிள்ளை சொல்ல, எனக்குப் பாடம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். என்னில் எனக்கு இப்படி ஓங்காளம் வந்ததில்லை.

ரிப்பன்களைத் தேடினோம். அந்தக் கிழமை முழுவதும் காற்று. வேலிக்கு அப்பால் கடல்.

பிறகு லொறியைத் தேடிப் போனேன். கொழும்பில் உருக்கும் இடத்துக்கு எழுதினால் நிறுத்திவைப்பார்கள் என்று நினைத்தேன். பாலத்தடித் தேநீர்க் கடைக்காரர் சிரித்தார். “கொழும்போ? ரீச்சர், பாலத்திலை ஆமிக்காரன் மூட்டை முழுக்க இறக்கி அவிழ்க்கச் சொல்லுவான். குப்பைக்காக ஆர் மினக்கெடுறது? லொறிக்காரன் அங்காலை பள்ளத்திலை கொட்டிப்போட்டு வெறும் லொறியோடை போயிட்டான்.”

பள்ளம் உப்புவெளியின் ஓரத்தில். தூரத்திலேயே மணத்தது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதிய உரப்பைகள். என் கையெழுத்து. மற்றப் பள்ளிக்கூடங்களின் மூட்டைகளும் அங்கேதான். யாரோ நெருப்பு வைத்துப் பாதி எரிந்து, உருகி, கறுப்புப் பாகாய் இறுகிக் கிடந்தது. காகங்கள். கழுதைகள் மூட்டைகளைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்றன. நாங்கள் ஊர் முழுக்கப் பொறுக்கி, கழுவி, நிறுத்து, அவற்றுக்குப் பரிமாறியிருக்கிறோம்.

பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினேன். கையால் கிண்டினேன். யோகட் கப்புகளுக்குள் புழு. விரலிடுக்கில் ஒட்டியது. நிறுத்தவில்லை.

வளையங்கள் கிடைத்தன. ஊதாவும் வெள்ளையுமாய் நாலு. எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றிலும் பெயர் இல்லை. நான் அண்ணாவின் சிலுவைக்கு ஒழுங்காகப் போயிருந்தால் எது என்று கண்டுபிடித்திருப்பேன். நான் போனதில்லை. வெறும் மண்ணில் நட்ட சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நிற்பது எனக்குப் பொய்யாகப் பட்டது. படித்த திமிர்.

நாலில் ஒன்றைக் கழுவிக் கொண்டுபோய்ச் சிலுவையில் போட்டுவிட்டு, கிடைத்துவிட்டது என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். கையில் எடுத்தேன். கொஞ்சநேரம் வைத்துக்கொண்டு நின்றேன். மார்த்தா அக்காவின் மகனுடையதாகவும் இருக்கலாம். திருப்பி வைத்துவிட்டேன்.

நீங்கள் சோதனையைப் பற்றி எழுதியது உண்மை. அம்மாவும் அதைச் சொன்னதில்லை. இந்த வீட்டில் அது எப்போதும் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறது.

பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அம்மா சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை.

கொன்சி

*

மன்னார்
03.11.2003

அண்ணி,

பதில் இல்லை. எழுதுகிறேன்.

பள்ளத்தைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதிப் போட்டேன். வாகனத்தில் ஒருவர் வந்தார். தகவலுக்கு நன்றி என்றார். நாலு நிறத்தில் நாலு பிளாஸ்ரிக் தொட்டிகளை இறக்கினார். பக்கத்தில் அதிபரையும் என்னையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அவர் போனதும் அதிபர் சொன்னார், “இனியாவது வாயை மூடிக்கொண்டிரும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர் இருக்கு.” விருதை நான் சுவரிலிருந்து கழற்றினேன். அடுத்த நாள் அது திரும்பச் சுவரில் இருந்தது. கழற்றினேன். மாட்டினார்கள். இப்போது விட்டுவிட்டேன்.

கிறேஸ் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தியிருந்தாள். ஒழுங்கையில் போனால் “சேமக்காலைக் கள்ளி” என்கிறார்களாம். வீட்டுக்குப் போனேன். தாய் வாசலிலேயே நிறுத்தினா. “படிப்பிச்சது காணும், ரீச்சர்.” மூன்றாம் தரம் போனபோது கிறேஸ் தானாகவே கொப்பிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னோடு கதைப்பதில்லை. வகுப்பில் எழுதச் சொன்னால் எழுதுகிறாள். கட்டம் போடுவதில்லை.

எட்டாம் வகுப்பு மட்டும் சோற்றைப் பெட்டியில் கொண்டுவருகிறது. நிறுவை இல்லை, விருது இல்லை. மற்றவர்கள் பொலித்தீனில்தான். புதுத் தொட்டிகளுக்குள் கழுதைகள் தலையை விடுகின்றன.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள்.

சேமக்காலை முழுவதும் புதுப் பிளாஸ்ரிக். பசாரில் வளையங்கள் விற்றுத் தீர்ந்து, வவுனியாவிலிருந்து எடுப்பித்தார்களாம். முந்தியவற்றைவிடப் பெரியவை. மஞ்சள், சிவப்பு, கண்ணைக் குத்தும் பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழற்றாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். போன வருடம் வளையம் இல்லாமல் இருந்த கல்லறைகளுக்கும் இந்த வருடம் இருந்தது. பயத்தில். நான் கற்பித்ததன் பலன் இது.

அம்மாவும் ஒன்று வாங்கியிருந்தா. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, இறக்காமலே கேட்டா. “போடட்டோ பிள்ளை?”

“அண்ணியைக் கேக்காமல் நான் சொல்லமாட்டன், அம்மா.”

“அவள்தான் எழுதுறாளில்லையே.”

“எழுதட்டும்.”

அது இப்போது அம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. சேமக்காலையில் அண்ணாவின் சிலுவை ஒன்றுதான் வெறுமையாய் நின்றது. மெழுகுதிரி ஏற்றினோம். காற்று. திரும்ப ஏற்றினோம். போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் முழங்காலில் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. மண் சுட்டது. எழும்பவில்லை.

போடவா, விடவா? ஒரு சொல் எழுதுங்கள். அது போதும்.

கொன்சி

*

மண்டபம் முகாம்
22.11.2003

கொன்சி,

போடாதே. கட்டிலுக்குக் கீழே கிடப்பதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல். எடுக்காவிட்டால் என்னவாவது செய், சிலுவைப் பக்கம் கொண்டுபோகாதே.

உன் கடிதம் இரண்டையும் ஒன்றாகத்தான் பிரித்தேன். முதலாவது வந்தபோது அடுப்பில் போடலாம் என்று வைத்திருந்தேன், விறகு ஈரம், அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

நாலில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கிடைத்தது என்று எழுதியிருக்கலாம் என்றாய். எழுதியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். நம்பிக்கொண்டு நிம்மதியாக இங்கேயே இருந்திருப்பேன். அதை நினைக்கும்போதுதான் உன்மேல் இருந்த அருவருப்பு என் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னால் கடையில் வாங்கும்போதே அந்தப் பூவில் மண்ணெண்ணெய் நாற்றம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அதைப்போய் அவருடைய சிலுவைக்கு அனுப்பினேன்.

போன கிழமை பெற்றி கேட்டாள், “அப்பாவின்ரை சிலுவை இப்ப எப்பிடி இருக்கும்?” முன்பென்றால் சொல்லிவிடுவேன். ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூ இருக்கும், குறுக்கே அப்பாவின் பேர் இருக்கும் என்று சொல்லி நித்திரையாக்கிவிடுவேன். இந்தமுறை வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றுமில்லை. சிலுவை மரமா சீமெந்தா என்றே எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதென்று தெரியாது. கடலைப் பார்த்தா? இதை நான் உங்கள் ஒருவரிடமும் கேட்டதில்லை. அந்த வளையம் அங்கே நிற்கும்வரை நான் இங்கே நிற்கலாம்போல் இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது, நான் போய் என்ன செய்வது என்று இருந்துவிட்டேன்.

இப்போது அங்கே ஒன்றுமில்லை என்கிறாய். ஒன்றுமில்லாததை நினைத்துப் பார்க்க முடியவில்லை, கொன்சி. போய்த்தான் பார்க்க வேண்டும்.

கந்தோருக்குப் போய்ப் பேரைத் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதுகிறவன் முறைத்தான். “வெட்டுங்கிறீங்க, சேருங்கிறீங்க, வெளையாடுறீங்களாம்மா?” என்றான். பெற்றி சொன்னாள், “இல்லை, நாங்கள் ஊருக்குப் போறம்.” அவளுடைய பேச்சைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிவிட்டான். தை மாதம் என்கிறார்கள்.

நான் உன்னை மன்னித்துக்கொண்டு வரவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். வந்தபிறகு ஒரே வீட்டில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவேன் என்று இன்னும் தெரியவில்லை. பஸ்ஸடிக்கு அம்மா மட்டும் வரட்டும். பெட்டிகளை அவவிடம் கொடுத்துவிட்டு நானும் பிள்ளையும் நேரே சேமக்காலைக்குப் போவோம். வழிகாட்ட ஒருவரும் வரவேண்டாம், நீயும்தான்.

வெறுமையாய் நிற்கிற சிலுவை எதுவென்று பார்த்தாலே தெரியுமே.

லூசியா